விழட்டும் என்று நினைத்த மதியம்

முதல் சொட்டு இடது கண்ணில் விழுந்ததும் தெய்வசிகாமணிக்குச் சுரீரென்று எரிந்தது. எரியும் என்று அந்த நர்ஸ் பெண் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு எரிய வைத்தால் எரிச்சல் குறைந்துவிடுமா என்ன. "கண்ண மூடிக்கோங்கய்யா. நாங்க கூப்புடற வரைக்கும் தொறக்கக் கூடாது. நடுவுல வந்து இன்னொருக்கா ஊத்துவேன்" என்று சொல்லி, கன்னத்தில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றிவிட்டு அவள் அடுத்த நாற்காலிக்குப் போனாள். அங்கேயும் யாரோ 'ஸ்ஸ்' என்றார்கள். உள்ளே வரும்போது, கோயம்புத்தூரில் இருக்கிற வயசானவர்கள் எல்லோரும் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ வெளியூர் பஸ்ஸில் போகிறவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனசுக்குள் சிரித்திருந்தார். இப்போது அந்த பஸ்ஸில் அவரும் ஏறியாகிவிட்டது. இடது பக்கம் மனைவி சாந்தாமணி. அவள் மடியில் அவருடைய மூக்குக் கண்ணாடி, ஆஸ்பத்திரி ஃபைல், அவருடைய செல்போன், தண்ணீர் பாட்டில் வைத்த வயர் கூடை. கண்மணியை விரிக்கிற இந்த மருந்தை விட்டால் சாயங்காலம் வரைக்கும் எழுத்துத் தெரியாது, வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வரவேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். வராவிட்டால் பரவாயில்லை, ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்று இவர் சொல்லிப் பார்த்தார். அவள் பதில் சொல்லாமல் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். முப்பத்தெட்டு வருஷமாக அவளுடைய பெரும்பாலான பதில்கள் இப்படித்தான் இருக்கின்றன.

கண்ணை மூடினால் இருட்டு என்று பெயர்தான். ஜன்னல் வெளிச்சம் இமைக்குள் சிவப்பாகத் தெரிந்தது, அதற்குள் புழு மாதிரி ஏதோ நெளிந்தது, அதைப் பிடித்துப் பார்க்கப் போனால் ஓரத்துக்கு ஓடியது. ஹாலில் எங்கேயோ டிவி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்களுக்கு டிவி வைத்த புண்ணியவான் யாரோ. செய்தி வாசிக்கிற பெண் மழையைச் சொன்னாள், ஒரு லாரி கவிழ்ந்ததைச் சொன்னாள், அதே குரலில் பங்குச் சந்தை காலையிலிருந்தே கடுமையாகச் சரிந்து வருவதாகவும் முதலீட்டாளர்கள் கலங்கிப் போயிருப்பதாகவும் சொன்னாள். தெய்வசிகாமணி கலங்கவில்லை. கலங்குகிறோமா என்று உள்ளுக்குள் ஒரு தடவை தடவிப் பார்த்தார், பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி. ஒன்றும் இல்லை. வலது பக்கத்து நாற்காலிக்காரர் "இன்னைக்கும் போச்சா" என்று பொதுவாகச் சொன்னார். யாரும் வாய் திறக்காததால் இவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், பாக்கு வாசனை அடித்தது. "நீங்க ஷேருல கீருல போட்டிருக்கறீங்களா?" "கொஞ்சம் இருக்குதுங்க." "வித்துட்டீங்களா?" "இல்லீங்க. அதெல்லாம் ரொம்ப வருஷத்துக்குன்னு வெச்சிருக்கறது." "விழுந்துட்டே இருக்குதே, பயமா இல்லீங்களா?" "அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கறனுங்க" என்றார். சொன்ன பிறகு தன் குரலில் இருந்த நிம்மதி அவருக்கே கொஞ்சம் தூக்கலாகப் பட்டது. என்ன ஏற்பாடு என்று கேட்டால் விளக்கிச் சொல்லலாம் என்று காத்திருந்தார். பக்கத்துக்காரரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், செருப்பைத் தேடுகிற காலின் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

ஏற்பாடு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புட் என்று ஒரு ஒப்பந்தம். மாசத்துக்கு ஒரு தடவை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சந்தை ஒரு மட்டத்துக்குக் கீழே விழுந்தால், விழுந்த அளவுக்கு எதிராளி பணம் தருவான். விழாவிட்டால் கொடுத்த காசு அவனுக்கு. கையில் இருக்கிற பங்குகளைத் தொடவே வேண்டாம். அவை பாட்டுக்கு விழும், இது பாட்டுக்கு ஏறும், கூட்டிக் கழித்தால் நாம் நின்ற இடத்திலேயே நிற்போம். இதைச் சொன்னவர் ரங்கநாயகம், ரேஸ்கோர்ஸில் காலையில் கூட நடக்கிறவர், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். "பைக்குக்கு இன்சூரன்ஸ் போடறீங்க, வீட்டுக்குப் போடறீங்க, இத்தனை வருஷமாச் சேர்த்ததுக்குப் போட மாட்டீங்களா?" என்று நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து வேர்வை துடைக்கும்போது கேட்டார். கேட்டவர் சும்மா விடவில்லை, மாசம் பிறந்தால் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து எது, எந்த மட்டம், எவ்வளவு என்று சொல்லிச் சொல்லி வாங்க வைத்தார். ஒரு வருஷத்துக்கு மேலே மாசா மாசம் காசு போனதுதான் மிச்சம், சந்தை விழவே இல்லை. வராத திருடனுக்குக் காவல்காரனைச் சம்பளத்துக்கு வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் தெய்வசிகாமணி நிறுத்தவில்லை. நிறுத்தாததற்குக் காரணம் சந்தை மேலிருந்த பயம் இல்லை, தன் மேலிருந்த பயம். பீளமேட்டில் பம்ப் கம்பெனி டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்துக்கொண்டே, போனஸ் வந்தால் பங்கு, ஓவர்டைம் வந்தால் பங்கு என்று வாங்கிச் சேர்த்தவர். நடுவில் எத்தனையோ சரிவுகள் வந்தன, ஒவ்வொன்றிலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமையைக் கொரோனா வந்து கெடுத்தது. ஊரடங்கு போட்ட வாரத்தில் ஒரு நாள் காலையில் எழுந்தவர், பல் விளக்குவதற்கு முன்னால், பயத்தில் இருந்ததிலேயே நல்ல பங்குகளாகப் பார்த்து விற்றுத் தள்ளினார். சில நாளிலேயே அது திரும்பி ஏற ஆரம்பித்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். சந்தை விழுந்தால் எழுந்துவிடும், இத்தனை வருஷத்தில் அது தெரிந்துவிட்டது. விழும்போது தன் கை என்ன செய்யும் என்பதுதான் தெரியவில்லை. கையைக் கட்டிப் போட ஒரு கயிறு வேண்டியிருந்தது, அதுக்குத்தான் புட்.

சாந்தாமணி பாட்டிலைத் திறக்கிற சத்தம் கேட்டது. "தண்ணி வேணுங்களா?" "வேண்டாம்." மூடி திருகுகிற சத்தம். அவளுக்கு இந்தப் புட் கிட் எதுவும் தெரியாது. பங்குகள் இருக்கின்றன என்று தெரியும், அவற்றில் அவளுடைய பணமும் இருக்கிறது என்று தெரியும், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது அவள் பிறந்த வீட்டுப் பணம். அன்னூர் பக்கத்தில் அவளுடைய அப்பா பேரில் இருந்த மானாவாரிக் காட்டை அண்ணன்மார் இரண்டு பேரும் விற்கப் போனபோது, பொண்ணுக்கும் பங்கு உண்டு, அவள் கையெழுத்து இல்லாமல் பத்திரம் ஆகாது என்று ரிஜிஸ்தர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அண்ணன்மார் வந்தார்கள், அண்ணிமார் தேங்காய் பழத் தட்டோடு வந்தார்கள். பங்கு கேட்டால் பொறந்த வீடு அத்துப் போகும் என்று அவளுடைய அம்மா அழுதாள். காட்டுக்கு வந்த விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லாத ஒரு தொகையை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்து, காட்டில் பங்கு வேண்டாம் என்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று கார் போவதைப் பார்த்தவள் உள்ளே வந்து அந்தப் பையை அப்படியே இவர் கையில் கொடுத்தாள். "இதையும் உங்க ஷேருலயே போட்டுருங்க. முழுகாமப் பாத்துக்கங்க, அது போதும்" என்றாள். பாத்துக்கறேன் என்றார். கம்பெனியில் பென்ஷன் கிடையாது, பிள்ளை இல்லை, நாளைக்கு இவர் போய்விட்டால் அவள் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் இருக்க அந்தப் பங்குகள்தான் உண்டு, அதில் அவள் காட்டின் துண்டும் கலந்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் கொஞ்சம் தங்கப் பத்திரம், கொஞ்சம் டெபாசிட் என்று பிரித்து வைத்ததும், கடைசியில் ரங்கநாயகத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்ததும்.

எரிச்சல் அடங்கிக் கண்ணுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. டிவிக்காரி மறுபடி சொன்னாள், இன்னும் சரிந்திருக்கிறதாம். விழட்டும் என்று தெய்வசிகாமணி நினைத்தார். நினைத்த பிறகுதான் அதைக் கவனித்தார். பரவாயில்லை என்று நினைக்கவில்லை, விழட்டும் என்றுதான் நினைத்திருக்கிறார், மழை வரட்டும் என்று விவசாயி நினைக்கிறது போல. இன்னும் கொஞ்சம் விழுந்தால் இத்தனை மாசம் அழுத காசு எல்லாம் வட்டியோடு திரும்பும், ரங்கநாயகத்துக்குப் போன் செய்து சிரிக்கலாம். அவர் மகளைப் பார்க்கப் புனே போயிருக்கிறார், வர இன்னும் நாளாகும். ஊரே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காரும்போது தான் மட்டும் நிமிர்ந்து நடப்பதாக ஒரு படம் இமைக்குள் வந்து போனது. அந்தப் பாக்கு வாசனைக்காரரும் எதை விற்றுப் போட்டாரோ, யாருக்காகச் சேர்த்தாரோ. இன்சூரன்ஸ் எடுத்தவன் வீடு எரிந்தால் தேவலை என்று நினைப்பானா? நினைக்கலாமா? வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்துக்குக் கீழே அந்த ஆசை அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவள் மடியில் செல்போன் ஒரு தடவை அதிர்ந்து நின்றது. "மெசேஜ் வருதுங்க. யாருன்னு பாக்கட்டுங்களா?" "பேங்க்காரனா இருக்கும். லோன் வேணுமான்னு கேப்பான். உடு."

லோன்காரன், பேங்க், பணம், கணக்கு. எங்கேயோ ஒரு நூல் மாட்டியது. இந்த மாசம் புட் வாங்கிய அன்றைக்கு, வாங்கி முடித்த பிறகு, புரோக்கர் ஆப்பில் கணக்கைப் பார்த்தபோது, முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தது. ஏதாவது கம்பெனி லாபத்திலிருந்து டிவிடெண்ட் தந்திருக்கும் என்று நினைத்து மூடி வைத்துவிட்டார். இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு அதைத் தினமும் திறந்து பார்க்கக் கூடாது என்பது ரங்கநாயகம் போட்ட விதி, அதனால் அப்புறம் திறக்கவே இல்லை. சரி, அதனால் என்ன, டிவிடெண்ட்தானே. எந்தக் கம்பெனி இந்த மாசம் டிவிடெண்ட் தந்தது? ஏதோ ஒன்று தந்திருக்கும். நினைப்பு அங்கிருந்து நகர்ந்து காலையில் சாப்பிட்ட இட்லிக்குப் போனது, இட்லியிலிருந்து சட்னிக்குப் போனது, சட்னியிலிருந்து புட் வாங்கிய அந்த நாளுக்கே திரும்பி வந்தது. சாப்பாட்டு மேஜை. டிவியில் எங்கேயோ சண்டை மூளப் போகிறது என்று படம் காட்டிக்கொண்டிருந்தான், டாங்கிகள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு போயின. சந்தை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரங்கநாயகம் இல்லாமல் முதல் தடவையாகத் தனியாகச் செய்கிறார். அடுக்களையிலிருந்து சாந்தாமணி, "சட்னிக்குத் தேங்காய் போடட்டுங்களா, கடலை போடட்டுங்களா?" என்று கேட்டாள். கடலை என்று சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்கினார். அப்புறம் கூடுதலாகப் பணம். டிவிடெண்ட். ஆனால் டிவிடெண்ட் பேங்க் கணக்குக்குத்தான் வரும், புரோக்கர் கணக்குக்கு வராது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அங்கே வந்ததில்லை.

"அய்யா, இன்னொருக்கா மருந்து" என்று நர்ஸின் விரல் இமையைத் தூக்கியது. கண்ணைக் கூசவைக்கிற வெள்ளை, அதில் அவள் முகம் உருக்குலைந்து ஒரு மஞ்சள் தீற்றலாக வந்து போனது, பிறகு எரிச்சல், பிறகு மறுபடி சிவப்பு. ஒரு பொருள் வாங்கினால் பணம் குறைய வேண்டும். கூடினால்? அதற்கு மேல் நினைப்பு போக மாட்டேன் என்றது, வாசலில் நின்று முரண்டு பிடிக்கிற மாடு மாதிரி. தள்ளிப் பார்த்தார். வேறு ஏதாவது விற்றோமா, தெரியாமல் ஏதாவது பங்கை? இல்லை. செல்போன் மறுபடி அதிர்ந்தது. நின்றது. உடனே இன்னொரு தடவை அதிர்ந்தது. "யாரோ விடாம அனுப்பறாங்களே" என்றாள் சாந்தாமணி. "என்னன்னு படி" என்றார். தன் குரல் சாதாரணமாக இருந்ததில் அவருக்கே ஆச்சரியம். அவள் பத்தாவது வரைக்கும் படித்தவள், இங்கிலீஷை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். "டியர்... கிளையன்ட். மார்... மார்ஜின். ஷார்ட்... ஃபால். கைன்ட்லி... ஆட் ஃபண்ட்ஸ்... இம்மீடியட்லி. இல்லாட்டி என்னமோ பொசிஷன்னு போட்டிருக்குதுங்க. ரெண்டு தடவ இதேதான் வந்திருக்குது. என்னதுங்க இது?" "ஒண்ணுமில்ல. விளம்பரம்" என்றார் தெய்வசிகாமணி.

விளம்பரம் இல்லை. சந்தை விழுகிறது, எதிராளிக்கு நீ தர வேண்டிய பணம் ஏறிக்கொண்டே போகிறது, அதற்கு ஈடாக இன்னும் பணம் கட்டு என்று கேட்கிற செய்தி. இன்சூரன்ஸ் எடுத்தவனுக்கு அது வராது, வரவே வராது. இன்சூரன்ஸ் கொடுத்தவனுக்குத்தான் வரும். அவர் புட்டை வாங்கவில்லை, விற்றிருக்கிறார். பெயர் தெரியாத யார் யாருக்கோ, உங்கள் பங்குகள் விழுந்தால் நான் தருகிறேன் என்று, பென்ஷன் இல்லாத இந்தத் தெய்வசிகாமணி வாக்குக் கொடுத்திருக்கிறார், அதற்காக அவர்கள் கொடுத்த சில்லறையை டிவிடெண்ட் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். பங்குகளிலும் நஷ்டம், இதிலும் நஷ்டம், இரண்டு பக்கமும் அடி. எப்போதோ புரோக்கர் ஆபீஸில் சொன்னார்களென்று பங்குகளை ஈடாகக் காட்டி வைத்திருந்தது வினையாகப் போனது. அது இல்லாமல் இருந்தால் பணம் போதாது என்று ஆப்பே அன்றைக்குத் தடுத்திருக்கும். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங்கில் அடிக்கடி பார்த்திருக்கிறார், மூன்று வயரில் இரண்டை மாற்றிக் கொடுத்துவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சத்தம் அதே சத்தம்தான், கொஞ்சம் தண்ணீர்கூட வரும், பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை மோட்டார்களை அப்படிப் பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

யார் மாற்றியது? முதலில் சட்னி ஞாபகம் வந்தது. நேரம் காலம் தெரியாமல் தேங்காயா கடலையா என்று கேட்டால் மனுசனுக்குக் கை தவறாதா. அடுத்து ரங்கநாயகத்தின் மகள், புனேயில் இருந்துகொண்டு அப்பாவை இந்த மாசமா கூப்பிட வேண்டும். அப்புறம் கண். ஆமாம், கண்தான். கொஞ்ச நாளாகவே நிறமெல்லாம் மங்கலாக, மேலே மஞ்சள் பூசிய மாதிரித் தெரிகிறது, அதற்குத்தானே இங்கே வந்தது. வாங்குகிற பட்டன் நீலம், விற்கிற பட்டன் சிவப்பு, புரை விழுந்த கண்ணுக்கு எது எதுவென்று எப்படித் தெரியும். டாக்டர் உள்ளே கூப்பிட்டு நன்றாகப் புரை விழுந்திருக்கிறது, எப்படி இத்தனை நாள் ஓட்டினீர்கள் என்று கேட்டால் போதும். அப்படிக் கேட்க வேண்டும் என்று அவர் மனசாரக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே, சற்று முன்னால் மருந்து விடுவதற்கு முன் அட்டையில் கடைசி வரிக்கு முந்தைய வரி வரைக்கும் தடுமாறாமல் படித்ததும், "புரை ஆரம்பந்தானுங்க, ஆபரேசனுக்கு இப்ப அவசரமில்ல" என்று அந்தச் சோதனை செய்த பையன் சொன்னதும் ஞாபகம் வந்தன. பட்டனில் எழுத்தும் போட்டிருந்தது. எழுத்து அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. டாங்கிகள் போயின, சந்தை ஆடியது, பயம் வந்தது. பயம் வந்தால் அவர் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான், விற்பது. கொரோனா வாரத்தில் விற்ற அதே கை. அதைக் கட்டிப் போடத்தான் கயிறு வாங்கப் போனார், போன இடத்தில் கயிற்றையே விற்றுவிட்டு வந்திருக்கிறது. இதில் சட்னியும் இல்லை, புனேயும் இல்லை, புரையும் இல்லை. தெய்வசிகாமணிக்குத் தன் மேலேயே ஒரு அருவருப்பு வந்தது.

சும்மா இருந்துவிட்டால்? விழுந்தது எழும். மாசக் கடைசிக்குள் திரும்பி வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை, அந்தச் சில்லறையும் தங்கும். சந்தை மூன்றரைக்கு மூடிவிடும். சாயங்காலம் கண் தெளிந்துவிடும். ராத்திரி யோசித்து நாளைக்குக் காலையில் தனியாக, அவள் கோயிலுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து. இப்போது விழுந்திருக்கிற நேரத்தில் திருப்பி வாங்கினால் அதுவும் கொரோனாவில் செய்த அதே வேலைதானே, பயந்துபோய் அடிமட்டத்தில் செய்கிற வேலை. இது நல்ல வாதமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். ஆனால் பங்குகளை விற்காமல் வைத்திருப்பது வேறு, தப்பாகப் போட்ட வயரைக் கழற்றாமல் வைத்திருப்பது வேறு, இது டெஸ்டிங் செக்‌ஷன் ஆளுக்குத் தெரியாதா. தலைகீழாகச் சுற்றுகிற மோட்டாரை நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு நாளாவது விட்டிருக்கிறாரா. நாளைக் காலை இன்னும் கீழே திறந்தால்? பணம் கட்டாவிட்டால் அவனே ஈட்டில் இருக்கிற பங்குகளை எடுத்து விற்பான். அவற்றில் எது அவளுடைய காடு, எது தன்னுடைய ஓவர்டைம் என்று பார்த்தா விற்பான். விழட்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அத்தனை நேரமும் விழுந்துகொண்டிருந்தது அவளுடைய காடுதான். கண்ணைத் திறந்து பார்த்தார். ஹால் முழுக்கப் பாலில் கரைந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் பச்சையாக ஒரு வடிவம், அதுதான் சாந்தாமணி. "தொறக்கக் கூடாதுன்னாங்கல்ல" என்றது அந்தப் பச்சை. மூடிக்கொண்டார். முகம் தெரியாதபோது சொல்வது சுலபம் என்று தோன்றியது, அப்படித் தோன்றியதற்காகவும் வெட்கப்பட்டார்.

"சாந்தா, அது விளம்பரம் இல்ல" என்றார். சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார், காவலுக்கு என்று ஒன்று மாசா மாசம் வாங்குவேன், இந்த மாசம் வாங்குவதற்குப் பதிலாக விற்றுவிட்டேன், சந்தை விழுகிறது, நாம்தான் பணம் கட்ட வேண்டும், இப்போதே திருப்பி வாங்கி முடித்துவிட்டால் இதோடு போகும், இருக்கிற பங்குகள் மிச்சம். "எவ்வளவுங்க போகும்?" என்று கேட்டாள். "உங்கண்ணன்மாரு குடுத்த பணம் அளவுக்குப் போகும்னு நெனைக்கறேன். கொஞ்சம் கூடவே." டிவியில் ஏதோ நகைக்கடை விளம்பரம் ஓடியது. நர்ஸ் வேறு யாரையோ கூப்பிட்டாள். அவள் அழுகிறாளா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டார், மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது, அது எப்போதும் போலத்தான் இருந்தது. "முழுகாமப் பாத்துக்கங்கன்னு சொன்ன" என்றார், அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல். "சொன்னனுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அது போதுமாக இருந்தது. பிறகு அவர் வலது கையைப் பிடித்து இழுத்து, கட்டை விரலை எடுத்துச் செல்போன் மேல் வைத்து அழுத்தினாள். "பூட்டுத் தொறந்துருச்சு. எதுக்குள்ள போகோணும்?"

அவர் சொல்லச் சொல்ல அவள் போனாள். ஒரு இடத்தில் வழி தவறிப் பழைய பக்கத்துக்கே வந்தாள், ஒரு இடத்தில் விரல் பட்டு வேறு ஏதோ திறந்துகொண்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். கடைசியில், "செவப்புல நம்பர் ஓடிட்டு இருக்குதுங்க. பக்கத்து நம்பருக்கு முன்னால மைனஸ் மாதிரி ஒரு கோடு போட்டிருக்குது" என்றாள். அந்தக் கோடுதான். எண்ணிக்கைக்கு முன்னால் விற்றவனுக்குத்தான் அந்தக் கோடு வரும். ஒரு தடவை திறந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். "அதத் தொட்டீன்னா ரெண்டு பட்டன் வரும்." "வந்துருச்சு. ஒண்ணு நீலம், ஒண்ணு செவப்பு. எதுங்க?" நீலம் என்று சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. நீலம்தான், சந்தேகமே இல்லை, ஒரு வருஷமாக நீலத்தைத்தான் தொட்டிருக்கிறார், அன்றைக்கும் நீலத்தைத்தான் தொடுகிறோம் என்று சந்தேகமே இல்லாமல்தான் தொட்டார். மணி என்ன இருக்கும், மூன்றரை ஆகிவிடுமோ. "தெய்வசிகாமணி" என்று நர்ஸ் கூப்பிட்டாள், "அய்யா, டாக்டர் கூப்புடறாங்க, வாங்க." எழுந்திருக்கப் போனவரின் முழங்காலில் சாந்தாமணியின் கை வந்து அமர்ந்து உட்கார வைத்தது. "ஒரு நிமிசம் இரும்மா, வர்றோம்" என்று அவள் நர்ஸிடம் சொன்னாள். அப்புறம் இவர் பக்கம் குனிந்திருக்க வேண்டும், குரல் காதுக்குக் கிட்டத்தில் கேட்டது. "நெறம் கெடக்குது உடுங்க. எங்கண்ணன் நீட்டுன பத்திரத்துல நான் படிக்காமக் கையெழுத்துப் போட்டேன். இதப் படிச்சுட்டுத்தான் அமுக்குவேன்." மேலேயிருந்து ஆரம்பித்து, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அவள் அந்தப் பக்கம் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினாள், கடைசியில் பட்டனில் போட்டிருந்த மூன்று எழுத்தையும்.

"பி. யு. ஒய். அமுக்கட்டுங்களா?"

"ம்" என்றார் தெய்வசிகாமணி.